‘இல்லை’ நடந்துதான் வரும்

மே மாதம் இருபத்தாறாம் தேதி காலை பத்து மணி கழிந்து ஆறு நிமிடத்தில், நாமக்கல் மோகனூர் சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவுக்குள் சாம்பல் நிற மூன்று சக்கர வண்டி ஒன்று திரும்பியது. அந்தத் தெருவில் அந்த வருடம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்த வீடுகள் மூன்று. மூன்று வீட்டு ஜன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். வண்டி முதல் வீட்டைத் தாண்டியது. உள்ளே யாரோ கைதட்டினார்கள். இரண்டாவது வீட்டையும் தாண்டியது. தரணிதரன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“சுகிர்தா, கதவத் தொறக்காத” என்றார் தரணிதரன் மனைவியிடம்.

“தொறக்காட்டி?”

“ஊட்ல ஆளில்லைன்னு அது போயிரும்.”

“எங்க போறது? போன வருசம் சேந்தமங்கலத்துல ஒரு ஊட்ல ரெண்டு நாளாத் தொறக்கலையாமா. அவரு வாசல்லயே மழைல நனஞ்சுக்கிட்டு நின்னாராமா. கடைசில பக்கத்து ஊட்டுக்காரங்க குடை கொண்டுவந்து புடிச்சாங்களாமா.” சுகிர்தா போய்க் கதவைத் திறந்தாள்.

சில வருடங்களுக்கு முன்புவரை கல்லூரிகளின் முடிவு எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் கைப்பேசியில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் நான்கு லட்சம் பிள்ளைகளுக்கு ‘வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரி ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் நடக்கக் கூடாதவை பல நடந்தன. அதன் பிறகு சட்டம் வந்தது. இடம் கிடைத்தவர்களுக்குச் செய்தியைக் கைப்பேசியில் அனுப்பலாம்; கிடைக்காதவர்களுக்கு நேரில் ஆளனுப்பித்தான் சொல்ல வேண்டும். ‘ஆம்’ பறந்து வரலாம். ‘இல்லை’ நடந்துதான் வர வேண்டும். இத்தனை லட்சம் வீடுகளுக்கு ஆளுக்கு எங்கே போவது? இயந்திரங்கள் செய்தார்கள். அரசாங்கம் அவற்றுக்கு ஆறுதலர் என்று பெயர் வைத்தது. ஜனங்கள் இல்லைக்காரர் என்று வைத்தார்கள். அரசு ஆணையில் ‘அது’ என்றிருந்தாலும் தெருவில் பெரும்பாலும் ‘அவர்’தான். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

வந்தவர் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை அணிந்திருந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் கம்பவுண்டருக்கு இருக்குமே, அப்படியொரு முகம். இடது மணிக்கட்டில் முட்டையைப் பாதியாக வெட்டிப் பதித்ததுபோல ஒரு கண்ணாடி வட்டும், அதற்குள் அடுத்தவர் துயரத்தை, அந்தப் பக்கத்துப் பேச்சில் வெசனத்தை, அளக்கும் ஒரு முள்ளும் இருந்தன. அந்தந்த ஜில்லாப் பேச்சில்தான் பேச வேண்டும், பொய் சொல்லக் கூடாது என்பவை அவருக்கு இடப்பட்ட விதிகள்.

“வணக்கமுங்க அம்மிணி” என்றார் தரணிதரனின் மகள் நிறைமதியிடம். “நெடுவான் பொறியியல் கல்லூரில இருந்து வந்திருக்கறேனுங்க. உங்க விண்ணப்பத்தை ஏத்துக்க முடியலைன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றதுக்கு எனக்குச் சங்கடமா இருக்குதுன்னும் சொல்லச் சொன்னாங்க.”

நிறைமதி “சரிங்க” என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வட்டில் முள் எட்டைத் தாண்டியது. இல்லைக்காரர் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து முகம் கழுவி இரண்டு தோசை சாப்பிட்டாள். விண்ணப்பத்தின் கணக்குப் பகுதியில் எத்தனை மதிப்பெண், இயற்பியலில் எத்தனை என்று கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். பிறகு தோழியைக் கூப்பிட்டுப் பேசினாள். கோழிப்பண்ணை இயந்திரங்கள் பற்றிய டிப்ளமோ ஒன்றுக்கு அவளுக்குப் போன வாரமே ‘ஆம்’ வந்திருந்தது. நாலு மணிக்கு அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, குஞ்சு பொரிக்கும் பெட்டியின் வெப்பம் எப்படிக் கணக்காகிறது என்று இல்லைக்காரருக்கே விளக்கிக்கொண்டிருந்தாள். முள் இரண்டுக்கு இறங்கியிருந்தது.

“அப்ப நான் கெளம்பறேனுங்க” என்று அவர் எழுந்தார். வாசற்படியில் கால் வைத்தபோது முள் விசுக்கென்று ஏழுக்குப் போனது. திரும்பிப் பார்த்தார்.

அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே தரணிதரன் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, வெசனமுங்களா?”

“எனக்கென்ன வெசனம்? நீ கெளம்பு.”

முள் ஏழரை.

இல்லைக்காரர் திரும்பி வந்து, நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “சட்டத்துல ‘மாணவர்’னு போடலைங்கண்ணா. ‘முடிவால் புண்பட்டவர்’னு போட்டிருக்காங்க. எழுதுனவங்க இதை யோசிக்கல போலிருக்குது. ஆனா எழுதியாச்சுங்களே. முள்ளு மூணுக்குக் கீழ வந்து ஒருமணி நேரம் நிக்கோணும். அதுவரைக்கும் உங்களுக்கும் எனக்கும் முப்பது தப்படிக்கு மேல தூரம் ஆகாதுங்க.”

தரணிதரன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். நாமக்கல்லில் இருந்து முட்டை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகளில் பாதி அவர் கைபட்டவை. நாற்பத்தாறு வயது. யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் சாம்பல் வண்டி ராத்தங்கி, இரண்டாம் நாள் ஆகி, மூன்றாம் நாளும் ஆயிற்று. அவர் பட்டறையில் இருந்து தார்ப்பாய் கொண்டுவந்து வண்டியை மூடிக் கயிறு போட்டுக் கட்டினார். அதுவரை கவனிக்காதவர்களும் அதன் பிறகு கவனித்தார்கள்.

எதிர் வீட்டுப் பூபதி அண்ணன் வேலி ஓரமாக வந்து நின்றார். இடம் கிடைத்த பையனின் அப்பா. “தரணி, யாரு வந்திருக்கறது?”

“கோயமுத்தூரு ஒறம்பரைங்ணா.”

சொந்தக்காரர் என்றதும் பூபதி அண்ணன் நேரே இல்லைக்காரரைப் பார்த்தார். “ஏனுங்க, தரணிக்கு நீங்க என்ன மொறை ஆகோணும்?”

பொய் சொல்ல முடியாத இல்லைக்காரர் கொஞ்சம் யோசித்தார். “இவரோட வெசனத்துக்குத்தான் நான் ஒறம்பரைங்க.”

அன்று இரவுக்குள் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது.

தரணிதரன் தந்திரத்தில் இறங்கினார். காலையில் எழுந்து சிரித்தார். பல் துலக்கும்போது பாடினார். காப்பி குடித்துவிட்டு, “ஆகா, இன்னைக்கு மனசு எவ்வளவு லேசா இருக்குது” என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

“எட்டே காலுங்கண்ணா” என்றார் இல்லைக்காரர். “பொய்ச் சிரிப்புக்கு எச்சா ஏறுமுங்க.”

ஆஞ்சநேயர் கோயிலுக்கு வடைமாலை சாத்தப் போனார். இல்லைக்காரர் முப்பது தப்படி பின்னால் வந்தார். பட்டறைக்குப் போனார். அங்கேயும் வந்து, அறுத்துப் போட்ட பலகைகளின் மேல் அமர்ந்து ஆறுதல் சொன்னார். “ஒரு கதவு சாத்துனா இன்னொரு கதவு தொறக்குமுங்கண்ணா.”

“நான் லாரிக்குக் கதவு செய்யறவன். சாத்துனா சாத்துனபடி நிக்கறதுதான் நல்ல கதவு. தானாத் தொறந்துக்கிட்டா என்னைய ஒதைக்க வருவாங்க.”

ஆனால் பட்டறையில் மற்றவர்களுக்கு இல்லைக்காரரைப் பிடித்துப் போயிற்று. வெல்டர் சபரி பத்து வருடமாக யாரிடமும் சொல்லாத காதல் தோல்வியை மத்தியானச் சோற்றுவேளையில் அவரிடம் சொல்லி முடித்துவிட்டு, அன்று ஒரு கோணல்கூட இல்லாமல் பற்ற வைத்தான். வீட்டிலும் அதே கதைதான். சுகிர்தா சமையலறையில் நின்றபடி பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அவரு தெனமும் ‘சாப்பிட்டீங்களாக்கா’ன்னு கேக்கறாரு” என்றாள் அவள் கணவனிடம். “கல்யாணமாயி இருவது வருசத்துல நீங்க ஒரு நா கேட்டிருப்பீங்களா?”

“அதுக்கு வயிறே இல்ல. அடுத்தவங்க சாப்பிட்டாங்களான்னுதான் கேக்கும்.”

“உங்களுக்கு வயிறு இருந்து என்ன புண்ணியம்?”

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், தரணிதரன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், இல்லைக்காரர் நிறைமதியைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, ஒரு சந்தேகமுங்க. புது வெசனமா இருந்தா தெனம் கொஞ்சம் எறங்கும். உங்கப்பாவுது எறங்கவே மாட்டேங்குது. அது உங்களால வந்ததில்லைங்க. அடியில பழசு ஒண்ணு கெடக்குது. உங்க சேதி வந்ததும் அது மேல வந்திருக்குது.”

நிறைமதிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவும் அதே நெடுவான் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். பதில் வரவில்லை. ஆமென்றும் வரவில்லை, இல்லையென்றும் வரவில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் காத்திருந்துவிட்டு, வேறெங்கும் சேராமல் பட்டறைக்கு வந்துவிட்டார். ‘இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குக்கூட அவங்களுக்கு மனசு வரல’ என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

“பழைய பதிவெல்லாம் கல்லூரில இருக்குமுங்க. கேட்டுப் பாக்கட்டுங்களா? என்ன வந்தாலும் நான் மறைக்க முடியாது. அதனாலதான் முன்னாலயே கேக்கறேன்.”

அவள் யோசித்தாள். “கேளுங்க. ஆமோ இல்லையோ, அவருக்குத் தெரியட்டும்.”

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது.

“அண்ணா, உங்க விண்ணப்பத்தைப் பத்திக் கல்லூரில கேட்டேனுங்க. அப்படியொரு விண்ணப்பம் அவங்களுக்கு வந்து சேரவே இல்லையாமாங்க. பேரு, ஊரு, மார்க்கு எல்லாம் பதிஞ்சிருக்குது. கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாம விட்டிருக்குதுங்க.”

ரசம் ஊற்றப் போன சுகிர்தாவின் கை அப்படியே நின்றது. தரணிதரன் யாரையும் பார்க்கவில்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இல்லைக்காரர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் திணறினார். நிறைமதி அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியிலேயே ஏறிக்கொண்டாள்.

பட்டறையில் பாதி கட்டி நின்ற ஒரு லாரியின் முன்கூட்டுக்குள் தரணிதரன் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் இன்னும் மாட்டாத வண்டி. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். நிறைமதி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இல்லைக்காரர் மரியாதைக்கு வெளியே, மிகச் சரியாக முப்பதாவது தப்படியில் நின்றுகொண்டார்.

“மறந்துட்டீங்களாப்பா?”

அவர் கண்ணாடியில்லாத முன்பக்கத்தைப் பார்த்தபடி சொன்னார். “மறக்கல கண்ணு. நாந்தான் அழுத்தல.”

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எல்லாம் எழுதி முடிச்சுட்டேன். பச்சையா ஒரு பொத்தான். அதுக்கு மேல வெரலை வெச்சுட்டே உக்காந்திருந்தேன். அழுத்துனா ஒரு நா பதில் வரும். இல்லைன்னு வந்துட்டா, நான் இவ்வளவுதான்னு தெரிஞ்சு போயிருமில்ல? அழுத்தாட்டி யாரும் என்னைய வேண்டாம்னு சொல்ல முடியாது பாரு. கேக்கறவங்ககிட்ட அவங்க பதிலே போடலைன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிருச்சு.”

“நான் விண்ணப்பம் போட்டப்ப என் கையப் புடிச்சு நீங்கதான அழுத்துனீங்க? ‘பயப்படாத, என்னாயிரும்’னீங்க.”

“ஆமா.”

“என்னாயிரும்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

“தெரியாது” என்றார் அவர். “நீ கதவைச் சாத்திட்டு அழுதப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சு. ஒரு மணி நேரத்துல தோசை சாப்பிட வந்துட்ட. ஒரு மணி நேரம்! அதுக்குப் பயந்துக்கிட்டு நான் இருபத்தெட்டு வருசம்...”

வெளியே நின்ற இல்லைக்காரர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். முள் ஐந்துக்கு வந்திருந்தது.

நிறைமதி கைப்பேசியை எடுத்தாள். நெடுவான் கல்லூரியில் எந்த வயதுக்காரரும் விண்ணப்பிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. பதினெட்டாம் தேதி வரை அவகாசம். படிவத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதைச் சுடுசட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வெளையாடறயா? எனக்கு எதுக்கு இப்ப?”

“சேர்றதும் சேராததும் அப்பறம். பதில் வாங்குங்க.”

இரண்டு நாள் எழுதினார். ‘நீங்கள் தீர்த்த ஒரு தொழில்நுட்பச் சிக்கலை விவரிக்கவும்’ என்ற கேள்விக்கு, முட்டை லாரிக்கு இரும்புத் தளம் ஏன் ஆகாது, எந்த மரம் எவ்வளவு வளைந்து கொடுக்கும், பலகைகளுக்கு நடுவே எத்தனை நூல் இடைவெளி விட்டால் பள்ளத்தில் இறங்கும்போது அடித்தட்டு முட்டை தப்பிக்கும் என்று பதினொரு பக்கம் எழுதினார். கணக்குப் பகுதியில் மாட்டிக்கொண்டார். நிறைமதி சொல்லித்தர வந்தபோது, “போ, போ, நானே போட்டுக்கறேன்” என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தும்போது வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். தவறான இடத்தில் அழுத்தியதால் எழுத்து பெரிதாயிற்று. கண்ணைத் திறந்து மறுபடி அழுத்தினார்.

அதன் பிறகு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் ஒரு பரீட்சைப் பையன் இருந்தான். சாம்பாரில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டான். மணிக்கொரு தரம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். “கணக்குல ஆறாவது கேள்வி தப்புன்னு நெனைக்கறேன்” என்று குளியலறையில் இருந்து கத்தினான். சுகிர்தா இல்லைக்காரரிடம், “இதுக்கு வெசனமே தேவலைங்க” என்றாள்.

முடிவு நாள் காலையில் தரணிதரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். கைப்பேசி எதிரே முக்காலியில் கிடந்தது. பத்து மணிக்கு யாரும் மூச்சு விடவில்லை. பத்து ஒன்றுக்குக் கைப்பேசி கிணுங்கியது. மூவரும் பாய்ந்தார்கள். சிலிண்டர் புறப்பட்டுவிட்டதாம்.

பத்து ஐந்துக்கு, மூலையில் உட்கார்ந்திருந்த இல்லைக்காரர் எழுந்தார். யாரையும் நேராகப் பார்க்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கொஞ்சம் வெளிய போயிட்டு வாரேனுங்க.”

அவர் போய்க் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கேட் திறந்தது. செருப்பில்லாத, சீரான காலடிகள். கதவு தட்டப்பட்டது.

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. எழப் போன நிறைமதியின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தரணிதரன் தானே போய்க் கதவைத் திறந்தார்.

“வணக்கமுங்க. திரு. தரணிதரனுங்களா?”

“ஆமாங்க. உள்ள வாங்க.” இருபத்தைந்து நாட்களில் முதல் தடவையாக அவர் அந்த இயந்திரத்துக்கு ‘ங்க’ போட்டார்.

“நெடுவான் பொறியியல் கல்லூரில இருந்து வந்திருக்கறேனுங்க. உங்க விண்ணப்பத்தை ஏத்துக்க முடியலைன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றதுக்கு எனக்குச் சங்கடமா இருக்குதுன்னும் சொல்லச் சொன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “காரணமும் எழுதியிருக்காங்க. படிக்கட்டுங்களா?”

“படிங்க.”

“‘கணக்குப் பகுதியில் தேவையான மதிப்பெண் வரவில்லை. முட்டை லாரி பற்றி நீங்கள் எழுதியதை இங்கே மூன்று பேர் படித்தோம். இரண்டாவது அச்சுக்கு நேர்மேலே மட்டும் பலகையைக் குறுக்காகப் போடுவது ஏன் என்று எங்களில் ஒருவருக்குப் புரியவில்லை.’ அவ்வளவுதானுங்க.”

தரணிதரன் நின்ற இடத்திலேயே நின்றார். கண் நிறைந்திருந்தது. இல்லைக்காரர் பழக்கப்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனார். மணிக்கட்டைப் பார்த்தவர் பாதியிலேயே நிமிர்ந்தார். வட்டை விரலால் தட்டிப் பார்த்தார். முள் ஒன்றில் இருந்தது. ஒரு மணி நேரம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை.

“அப்ப நான் கெளம்போணுமுங்க.”

“இப்பத்தான வந்தீங்க?” என்றார் தரணிதரன். “இருந்துட்டு நாளைக்குப் போலாம். சுகிர்தா பேச்சு வேற பாதில நிக்குது.”

“வெசனமில்லாத ஊட்ல இருக்க எனக்கு அனுமதியில்லைங்கண்ணா. போயிட்டு வாரேன். வராமலிருக்கறதுதான் நல்லது.”

சுகிர்தா வண்டிவரை போய், “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பூபதி அண்ணன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். காலையில் இல்லைக்காரர் வெளியே போய்த் திரும்பி வந்து கதவைத் தட்டியதை அவர் பார்த்திருந்தார். “தரணி, மறுக்கா யாருக்கு?”

“எனக்குத்தானுங்ணா. நெடுவான் காலேஜுக்குப் போட்டிருந்தேன். இல்லைன்னுட்டாங்க.”

பூபதி அண்ணன் முகத்தைத் துக்கத்துக்குத் தோதாக மாற்றத் தொடங்கினார். தரணிதரன் அதற்குள் தெருவைக் கடந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“ஆனா மூணு பேரு படிச்சாங்களாமா! முழுசா பதினொரு பக்கமும்! அதுல ஒருத்தருக்கு ரெண்டாவது அச்சுக்கு மேல பலகை ஏன் குறுக்க வருதுன்னு புரியலையாமா. காலேஜு வாத்தியாருக்கே புரியலை! இக்கட்ட, இங்க வாங்க, உங்களுக்குச் சொல்றேன். இதுதான் சேசிஸுன்னு வெச்சுக்கங்க...”

வெள்ளைச் சட்டையோடு நடுத்தெருவில் குந்தி, செங்கல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தார் ரோட்டில் லாரி வரைய ஆரம்பித்தார். பூபதி அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். சாம்பல் வண்டி தெருமுனையில் திரும்பியதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.